குதிரைத் தலையும் பக்கத்து வீட்டு விளக்கும்

வானத்தில் ஒரு குதிரைத் தலை இருக்கிறது. ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்குமே, அதில் ஒன்றுக்குப் பக்கத்தில். சிவப்பாக ஒரு வாயு மேகம், அதற்கு முன்னால் கரிய தூசி, சதுரங்கக் குதிரை மாதிரி கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. என்னுடைய டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாலும் தெரியாது. கேமராவை மாட்டி, மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்து எடுத்தால் தெரியலாம். தெரியாமலும் போகலாம். இப்படி ஒன்றைத் தேடிக்கொண்டு லீவில் ஊருக்கு வருகிற ஆளுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். அங்கே ராத்திரி வானம் என்பது ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூரை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு எகிப்துக்காரர் தன்னுடைய டெலஸ்கோப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கேமரா என்னுடையது. சிவப்பு வாயு சரியாகப் பதிய வேண்டும் என்று அதற்குள் இருந்த ஒரு கண்ணாடித் துண்டை ஒரு கடையில் கழற்றிவிட்டேன். பிறகு அதே கேமராவில் மச்சினி மகனின் காதுகுத்தைப் படம் எடுத்தேன். எல்லோரும் பீட்ரூட் சாற்றில் குளித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தார்கள். மச்சினி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத லீவு. ஐப்பசி கார்த்திகையில் வந்தால் மழை மேகத்தைத்தான் படம் எடுக்க முடியும். அதனால் தை பிறக்கும்போது வந்தேன். மனைவியிடம் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவளும் நம்பினாள், பெட்டியிலிருந்து டெலஸ்கோப்பை நிறுத்துகிற முக்காலி வெளியே வருகிற வரைக்கும்.

இடம் கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அறுப்பு முடிந்த வயல் காலியாகத்தானே கிடக்கும் என்று நினைத்து முக்காலியை இறக்கினேன். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பிலிருந்தே கத்தினார்.

"யோவ், காலை எடு! உளுந்துய்யா!"

குனிந்து பார்த்தேன். அறுத்த நெல் தாளுக்கு நடுவே பச்சையாக இரண்டிரண்டு இலை. அறுப்புக்கு முன்னாலேயே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுகிறார்கள், நெல் போனதும் அது எழுந்துகொள்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் அதை மறந்திருந்தேன்.

"துபாய் போனா உளுந்துகூடவா தெரியாம போயிரும்?" என்றார்.

"நான் ஷார்ஜாண்ணே."

"அங்க மட்டும் என்ன, உளுந்து மரத்துலயா காய்க்குது?"

சேறும் உளுந்தும் இல்லாத ஒரே கெட்டியான தரை, சிமென்ட் போட்ட நெல் களம். அதன் வடக்குப் பக்கத்தில், துருவ நட்சத்திரத்தை நான் தேட வேண்டிய இடத்தில், ஒரு தென்னந்தோப்பு. கிழக்குப் பக்கத்தில் ஒரு புது மாடி வீடு. அந்த மாடியில் ஒரு ஹாலஜன் விளக்கு. பொழுது சாய்ந்ததும் போட்டால் விடிகிற வரைக்கும் எரியும். களத்தில் விழுந்த ஊசியை எடுக்கலாம்.

வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் டிரைவர். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கே மனை வாங்கி வீடு கட்டினார்கள். அவர் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தார். என்னை அண்ணன் என்றும் என் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவார். அவர்கள் வீட்டில் பிரியாணி போட்டால் ஒரு தூக்குவாளி எங்கள் வீட்டுக்கும் வரும். இவ்வளவு நெருக்கம்தான் எனக்குச் சிக்கலே. புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக்குப் போய், "தங்கச்சி, இன்னிக்கு ராத்திரி கொஞ்சம் விளக்கை அணைச்சிடுங்க" என்று எந்த வாயால் கேட்பது?

நல்ல வேளையாக மின்வாரியம் இருந்தது. அந்த வருஷங்களில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. ஊரே சபிக்கும்போது நான் ஒருவன் மட்டும் டெலஸ்கோப் மோட்டாருக்கு வைத்திருந்த டிராக்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு களத்துக்கு ஓடுவேன்.

"கரண்டு போனா பல்லைக் காட்டுற ஒரே ஆம்பளை நீங்கதான்" என்பாள் மனைவி. "அதுவும் அமாவாசையா பாத்துக் களத்துல போயி நிக்கிறீங்க. கோழி அறுக்கப் போறீங்களான்னு கேக்குறாங்க."

"நிலா இருந்தா மேகம் பதியாதுடி."

"மேகமே இல்லையே."

"அந்த மேகம் இல்ல."

"நீங்க ஷார்ஜாவுலயே இருந்திருக்கலாம்."

ஒரு மணி நேரம் போதவில்லை. வடக்கைத் தேடி, கருவியைத் திருப்பி, நட்சத்திரம் கோடாக இழுபடாமல் சரிசெய்வதற்குள் பாதி போய்விடும். மீதியில் எடுத்த படங்களில் ஒரு சிவப்பு மங்கல் மட்டும் இருந்தது, ஈரச் சுவரில் கறை மாதிரி. குதிரை இல்லை. தொடர்ந்து மூன்று மணி நேர இருட்டு கிடைத்தால் குதிரை நிச்சயம் என்று தோன்றிவிட்டது. லீவு முடியப் போகிறது. மறுபடி தை மாதத்தில் லீவு எப்போது கிடைக்குமோ, கேமரா இருக்குமோ, நான் இருப்பேனோ. தூக்கம் போயிற்று. சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் வானம் பார்ப்பேன், பகலிலும்.

கடைசியில் மனைவிதான் தாங்க முடியாமல் போய்க் கேட்டாள். திரும்பி வந்து சொன்னாள்: "அவங்க அணைக்க மாட்டாங்களாம். அவுக வீட்டுக்காரரு போன் பண்றப்பல்லாம் மொதல்ல கேக்குறது, லைட்டு எரியுதான்னுதானாம். பொய் சொல்ல முடியாதாம். நீங்களே அவருகிட்ட கேளுங்க."

அதனால் ஒருவருடைய வீட்டு விளக்கை அணைக்க அனுமதி கேட்டு, கடல் தாண்டிப் போன் போட்டேன்.

"அண்ணே, எதுக்குண்ணே அணைக்கணும்?"

"வானத்துல குதிரை ஒண்ணு இருக்கு தம்பி..."

அங்கே ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அவர் அணைப்பது கேட்டது.

"அண்ணே, ஒடம்பு நல்லாருக்கீங்களா?"

எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நான் அந்த வீட்டுல மொத்தமா ரெண்டு மாசம்கூடப் படுத்ததில்லண்ணே" என்றார். "இங்க படுக்குறப்ப, அந்த லைட்டு எரியுதுன்னு நெனச்சுக்குவேன். அப்பதான் கண்ண மூட முடியும்." பிறகு, "சரிண்ணே, உங்களுக்காக ஒரு நாளு. மூணு மணி நேரம்தான்" என்றார்.

மூன்று மணி நேரம்! களத்தில் சாயங்காலமே போய் நின்றேன். இருட்டியது. ஊரில் கரண்ட் இருந்தது. சொன்னபடி தங்கச்சி மாடி விளக்கை அணைத்தார். அப்படி ஒரு இருட்டு. முதல் படம் ஓடத் தொடங்கியது. இரண்டாவது. மூன்றாவது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நான்காவது படம் ஓடும்போது தெருவில் ஒருவர் கூப்பிட்டார். இன்னொருவர் பதில் கொடுத்தார். நாய்கள் குரைத்தன. பிறகு டார்ச்சுகள். ஒன்று, நான்கு, எண்ண முடியவில்லை. உளுந்து வயல்காரர் டிராக்டரையே கிளப்பி, இரண்டு ஹெட்லைட்டையும் போட்டுக்கொண்டு நேராகக் களத்துக்குள் வந்தார். என் டெலஸ்கோப்புக்குள் சூரியன் உதித்தது.

"எவன்டா அது?"

"நான்தாண்ணே."

"யாரு, குதிரையா?" அதற்குள் ஊரில் எனக்கு அந்தப் பெயர் விழுந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தம்மாமுக்குப் போகும்போது அவர் தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: ஊரில் கரண்ட் இருந்து என் வீட்டு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால், ஏதோ ஆபத்து, ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். தெரு அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அந்த விளக்கை எல்லோரும் தினம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறார்கள். லீவுக்கு வந்துபோகிற எனக்கு மட்டும் அது வெறும் ஹாலஜன்.

என் மனைவிக்குத் தெரியும். "சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"அவருகிட்டயே கேட்டுட்டீங்களே, அவரு தெருவுக்கும் சொல்லிருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள். அவர், நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறார். நான் வானத்தைத் தவிர எதையுமே நினைக்கவில்லை.

விடிவதற்குள் தம்மாமுக்கு மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள், உன் வீடு இருட்டாகக் கிடந்தது என்று. காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார்.

"உங்களுக்குத்தான் அணைச்சாங்கன்னு எனக்குத் தெரியும்ணே. ஆனா மொதப் போன் வந்தப்ப அது ஞாபகமே வரல. வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்."

"மன்னிச்சிருங்க தம்பி."

"அட, விடுங்கண்ணே. ஆனா இனிமே வேணாம்."

அடுத்த வாரம் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்து அந்த வீட்டு வாசலில் நின்றது. அவர் தம்மாமிலிருந்தே சொல்லி வாங்கிய இன்வெர்ட்டரும், ஒரு ஆளால் தூக்க முடியாத ஒரு பேட்டரியும் இறங்கின. இறக்க நானும் ஒரு பக்கம் கை கொடுத்தேன். மனைவி எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

அன்றைக்கு ராத்திரி வழக்கம்போல் கரண்ட் போயிற்று. நானும் வழக்கம்போல் களத்துக்கு ஓடினேன். ஊர் முழுக்க இருட்டு, தோப்பு இருட்டு, சாலை இருட்டு. அந்த ஒரு விளக்கு மட்டும் கண் சிமிட்டிவிட்டு, முன்னைவிடத் தெளிவாக எரிந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஆசைப்பட்டு, கையில் இருந்த ஒரு மணி நேரத்தையும் நானே கூலி வாங்காமல் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவே அந்த விளக்குக்குக் கீழே களத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதினார்கள். யாரோ முருங்கைக் கீரை ஆய்ந்தார்கள். தங்கச்சி பாய் கொண்டுவந்து போட்டார். உளுந்து வயல்காரர், "குதிரை வந்துச்சா?" என்று கேட்டார்.

"பாதி வந்துச்சு."

"எந்தப் பாதி?"

முதல் மூன்று படங்களையும் பழைய ஒரு மணி நேரங்களையும் சேர்த்து லேப்டாப்பில் ஒன்றாக்கியிருந்தேன். சிவப்பு மங்கலின் விளிம்பில் ஒரு கரிய பள்ளம், மூக்கு என்று நான் சொன்னால் மூக்கு. அதைத் திறந்து காட்டினேன். லேப்டாப் கைக்குக் கை மாறி ஒரு சுற்று வந்தது. ஒருவர் பல்லி என்றார். ஒருவர் இலங்கை என்றார். மனைவி வாங்கி, வெகு நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதோ இதுவா?" என்று சரியாக அந்தப் பள்ளத்தில் விரல் வைத்தாள்.

"ஆமா."

"சின்னதா இருக்கே."

இரண்டு நாளில் விமானம். தலைக்கு மேல் வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது, மேகமும் இல்லை, நிலாவும் இல்லை. டெலஸ்கோப்பை எங்கே தூக்கிக்கொண்டு போகலாம், சாலைக்கு அந்தப் பக்கம் உப்பளத்து மேட்டில் தரை கெட்டியாக இருக்குமா, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பேட்டரி நிற்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே பாயில் உட்கார்ந்திருந்தேன். மனைவி என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"காலை ஆட்டாதீங்க" என்றாள். "பாயே ஆடுது."