அடுத்த டோக்கனுக்கு முன் மூன்று கோரிக்கைகள்

முதுகுவலிக்காரர் என்பதும் ஓர் உத்தியோகமே. அதில் விடுமுறை கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. ஆசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்று எட்டாண்டுகள் ஆகின்றன. இந்தப் பணியிலோ இன்னும் நாள்தோறும் வருகைப்பதிவு. என்னைப் போலவே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தவணை முறையில் எழுந்து நிற்கும் அன்பர்களுக்காக இவற்றை எழுதுகிறேன்.

ஆறரை மதிப்பெண்

குடவாசலிலிருந்து பேருந்தேறி, கும்பகோணத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் மூன்றாண்டுகளாகப் போய்வருகிறேன். இடுப்பில் தொடங்கி இடக்கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி. அவர் எழுதித் தரும் நரம்புவலி மாத்திரையைக் காலையும் இரவும் விழுங்கினால்தான் நின்று சமைக்கவும் நூலகம் வரை நடக்கவும் முடியும்.

ஒவ்வொரு முறையும், “வலி பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்பார். முப்பத்திரண்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய எனக்கு, வலியை முழு எண்ணில் அடக்க மனம் வருவதில்லை. “ஆறரை” என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அரை மார்க்குக்கெல்லாம் தனியா மாத்திரை இல்ல டீச்சர்!”

செல்வியின் இடுப்பு

சம்பா நடவு நேரம். அடுத்த வீட்டுச் செல்வி இரண்டு மா நிலம் வைத்திருக்கிறாள். ஆள் கிடைக்காமல் தானே வயலில் இறங்கி நட்டவள், மூன்றாம் நாள் மாலை சுவரைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். விடைத்தாளைப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டாதே என்று ஊர்ப் பெண்களையெல்லாம் அதட்டிய நான், என் பெயருக்கு எழுதப்பட்ட மாத்திரைகளில் இரண்டு அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். நம் பக்கத்தில் இது கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்புவதைப் போன்றது. எவரும் தவறென்று எண்ணுவதில்லை.

“உனக்கு ஒத்துக்குமான்னு தெரியலையே செல்வி” என்று ஒப்புக்குச் சொல்லி வைத்தேன்.

“இடுப்புன்னா எல்லாருக்கும் ஒரே இடுப்புதானே டீச்சர், குடுங்க!”

பத்து நாள் முன்னதாக

இரண்டு அட்டை குறைந்ததால் என் மாத்திரைகள் பத்து நாள் முன்னதாகவே தீரும் நிலை. இரண்டு நாளுக்கு மட்டும் கையிருப்பை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் தேதியைப் பார்த்தார்; முகம் மாறியது.

“கூடுதலா சாப்பிடுறீங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப மாத்திரையெல்லாம் எங்கம்மா போச்சு?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தவறு செய்ததை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. பிறரை ஒப்புக்கொள்ள வைத்தே பழகியவள். வாயை மூடிக்கொண்டேன். அவர் என் கோப்பை மூடினார்.

“இனிமே உங்கள நான் பாக்க முடியாதும்மா. பர்வீன், அடுத்த டோக்கனக் கூப்பிடு.”

நாற்காலி காலியாகவில்லை

நான் எழவில்லை. சட்டென்று எழ இயலாது என்பது ஒரு காரணம்; எழ விருப்பமில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அந்த மாத்திரையைப் பற்றி முதல் நாளே எச்சரித்தவர் அவர்தான்.

“டாக்டர், அவசர நிலை இல்லாதபோது ஒரு நோயாளியை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. முன்னறிவிப்பு இல்லாம நட்டாத்துல விட உரிமை இல்லை. எனக்கு மூணு வேணும். நிறுத்துற காரணம் எழுத்துல வேணும். என் சிகிச்சைக் குறிப்போட நகல் வேணும். கேட்டு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள தரணும்னு மருத்துவர்களுக்கான விதியே இருக்கு. இன்னொரு டாக்டர் ஏத்துக்கிற வரைக்கும் மாத்திரையும், அவருக்கு ஒரு கடிதமும் வேணும்.”

“சட்டம் பேசுறீங்களா?”

“ஆமாங்க. உக்காந்துதான் பேசுறேன், நின்னா வலிக்கும்.”

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். பதினைந்து நாளுக்கு மாத்திரை, தஞ்சாவூரில் வலிச் சிகிச்சைக்கென்றே இருக்கும் மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் என இரண்டும் கைக்கு வந்தன. காரணமும் நகலும் மூன்றாம் நாள் என்றார். கதவுக்கு வெளியே அடுத்த டோக்கன்காரர் தம் மனைவியிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“டீச்சர் இப்ப எழுந்திரிக்க மாட்டாங்க, வா, டீ குடிச்சிட்டு வந்துரலாம்.”

மூன்றாம் நாள்

வரவேற்பு மேசையில் இருந்த பர்வீன் நகலை உறையிலிட்டுத் தந்தாள். அங்கேயே பிரித்துப் படித்தேன். கடைசி வரி: “மாத்திரை முன்கூட்டியே தீர்ந்துள்ளது; நோயாளி காரணம் கூறவில்லை; மிகைப் பயன்பாடு என ஐயம்.” நான் போராடிப் பெற்ற தாள், நான் போகும் மருத்துவமனைக்கெல்லாம் இந்த ஐயத்தையும் சுமந்து வரும். எழுதியவர்மீது பிழை சொல்ல வழியில்லை; காரணம் கூறாதவள் நான்தான்.

“என்ன டீச்சர், ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?”

திருத்தம்

ஊர் திரும்பியதும் செல்வியிடம் மீதி மாத்திரைகளைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: வலி தாங்காமல் இரண்டை ஒரே வேளையில் விழுங்கி, தலைசுற்றி, கையில் நாற்று முடியோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாளாம். எனக்கு வருத்தமாக இருக்குமென்று சொல்லவில்லையாம். மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு போய் மருத்துவர் முன் அமர்ந்தேன்.

“இருபது மாத்திரையை இவளுக்குக் கொடுத்தேன். அது தப்பு. இதையும் என் குறிப்புல எழுதுங்க. அந்த ஐயத்தைத் திருத்துங்க. இவளைச் சோதிச்சுப் பாருங்க.”

அவர் என் கோப்பைத் திறந்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதி, எனக்கும் ஒரு நகல் தந்தார். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் விதிப் புத்தகத்தத் தேடியிருக்க வேண்டாமே டீச்சர். இங்கயே வாங்க” என்றார். சம்மதித்தேன், தஞ்சாவூர்க் கடிதத்தை மட்டும் திருப்பித் தராமல் கோப்பில் வைத்துக்கொண்டேன். அவர் செல்வியின் பக்கம் திரும்பி, “வலி பத்துக்கு எவ்வளவும்மா?” என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“டீச்சருக்கு எவ்வளவு போட்டீங்க? அதுல ஒண்ணு கூடப் போட்டுக்குங்க டாக்டர்!”

மருத்துவர் என்னைக் கைவிடவில்லை, நான் என் உரிமையைக் கைவிடவில்லை, வலியோ என்னையும் செல்வியையும் கைவிடுவதாக இல்லை.