மாமியும் என் கிழட்டு எஞ்சினும்

தொண்ணூறுகளில் மெல்பேர்னில் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினேன். தெரிந்தவர்கள் எல்லோரும் நக்கலடித்தார்கள், மனைவி உட்பட. அவளுடைய அம்மா, என் மாமி, மட்டும் ஆசையாக ஏறி உட்கார்ந்து பார்த்தார். நானும் மனைவியும் மாறி மாறி ஷிஃப்ட் வேலைக்கு ஓட, எங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஊட்டி வளர்த்தவர் அவர். படகுக்கும் பூசை வேண்டும் என்று கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு அதை இழுத்துவரச் செய்தவரும் அவர்தான். ஐயர் எஞ்சினுக்கு ஒரு பொட்டு வைத்தார். மாமிக்கு அது காணாது. பெற்றோல் தாங்கியின் மூடியிலும் தன் கையால் சந்தனத்தை அப்பினார்.

அதன் பிறகு அந்தக் கிழட்டு எஞ்சின் என்னைப் படாத பாடு படுத்தியது. கிளம்பும், ஓடும், வேகத்தைக் குறைத்ததும் குலுங்கி, இருமி, அணைந்துபோகும். பிளக்கை மாற்றினேன். காபுரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். குழாயைப் புதிதாகப் போட்டேன். தாங்கியைத் துடைத்தபோது சந்தனத்தை மட்டும் தொடவில்லை. கோயில் சந்தனத்தைத் துடைக்க யாருக்கு மனம் வரும்?

அந்த வருடமே மாமி போய்ச் சேர்ந்தார். "என்ரை சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய் அலையாதேங்கோ. பேரப்பிள்ளையள் கால் நனைக்கிற கடல்லை விடுங்கோ" என்று முன்பே சொல்லியிருந்தார். மனைவிக்கு அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். அவள் சாம்பலைக் கரைக்கும்வரை படகை அலைக்கு நேராகப் பிடித்திருக்க, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுடையதோ அந்த ஒன்றைத்தான் செய்யாது.

கேரம் பக்கத்தில் கடலில் போய் விழும் ஆற்றில் படகை இறக்கினோம். அவள் கலசத்தை மடியில் வைத்திருந்தாள். ஆற்றில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வேகத்தைக் குறைத்தேன். குலுக்கம் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ, கடல்லை நிண்டுபோச்செண்டா அம்மாவை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? பெற்றோல் கிடக்கோ எண்டு பாருங்கோ."

"முட்ட அடிச்சனான். நீரே பாரும்" என்று எரிச்சலோடு மூடியைத் திறந்தேன்.

உஸ்ஸென்று தாங்கி காற்றை இழுத்தது. சற்றைக்கெல்லாம் குலுக்கம் அடங்கி எஞ்சின் சீராக ஓடியது. மூடியைப் பார்த்தேன். காற்றுப் போகும் சின்னத் துளையில் மாமியின் சந்தனம் இறுகிக் கிடந்தது. உள்ளே காற்றுப் போகாமல் பெற்றோல் எப்படி வெளியே வரும்? வேகமாக ஓடும்போது பம்பு எப்படியோ இழுத்துக்கொண்டது; மெதுவானதும் அதற்குப் பலம் போதவில்லை.

"அம்மான்ரை வேலை!" மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தாள். நான் சுரண்டிய சந்தனத்தை ஒரு துகளும் விடாமல் சாம்பலோடு சேர்த்தாள்.

கடலில் எஞ்சின் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அவள் அவசரமில்லாமல் அள்ளி அள்ளி விட்டாள். கலசம் வெறுமையானதும், திரும்புவோமா என்று கேட்டேன்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ" என்றாள். "கொஞ்ச நேரம் அம்மாவோடை இருந்திட்டுப் போவம்."

நிறுத்தினேன். எங்கள் பிள்ளைகளை வளர்த்துத் தந்ததற்கு மாமிக்கு வாய்விட்டு நன்றி சொன்னேன்.