நாற்பத்து மூன்றாம் எண் குப்பி

உப்சாலா என்ற பல்கலைக்கழக ஊரில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் ஆலய வாசலில் கைகுலுக்கிவிட்டு வீட்டைப் பார்த்துப் போவார்கள். மைவோர் மட்டும் சைக்கிளை ஆய்வுக்கூடத்துப் பக்கம் திருப்புவாள். அங்கே தட்டுத் தட்டாக வளர்ந்துகொண்டிருக்கும் உயிரணுக்களுக்கு ஓய்வுநாள் என்று ஒன்று கிடையாது. ஒருநாள் தீனி மாற்றாமல் விட்டாலும் வாடிவிடும். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் ஜீவன்களைப் பார்த்துக்கொள்கிறவர்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். முப்பத்தோரு வருஷமாக அந்தச் சமாதானம்தான்.

அவள் படிப்பாளி இல்லை. தொழிற்பள்ளியில் இரண்டு வருஷம் படித்து உதவியாளராக உள்ளே வந்தவள். பட்டம் இல்லாவிட்டாலும் கை இருந்தது. சாயத் தூள்களை வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துப்போகும் என்பதால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் வேலை செய்வாள். கையுறை போட்டும் விரல் நுனியில் ஒரு பச்சை ஏறியிருக்கும். பாத்திரம் கழுவினாலும் போகாது, ஜெபிக்கக் கைகூப்பினாலும் தெரியும்.

வேலை இதுதான். நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவின் மேலும் பூட்டுகள் உண்டு. மருந்து என்பது சாவி. மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சுகிறோமே அந்த மருந்து, அதுவும் ஒரு பூட்டைத் தேடிப் போய்த்தான் மூச்சைத் திறக்கிறது. அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், சாவியில் ஒரு நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒளிரும் சாயத்தைத் தொங்கவிட வேண்டும். நூல் குட்டையானால் சாவி பூட்டுக்குள் போகாது. வேறு குறைகளும் உண்டு. அதில் ஒன்றுதான் மைவோரின் வாழ்க்கையில் விளையாடியது.

அந்த ஊரில் பேராசிரியரைக்கூடப் பேர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டுகிறவரும் நீ, துறைத் தலைவரும் நீ. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒரே மேஜையில் காபி குடிப்பார்கள். மேடு பள்ளம் பார்க்காத இடம் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பேர்கள் வரிசையாக நிற்குமே, அங்கேதான் மேடும் பள்ளமும். மைவோரின் கை பட்டுப் பதினொரு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்கள். அந்த வரிசையில் ஒரு தடவையாவது தன் பேரைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். ஜெபத்தில்கூட அதைக் கேட்டிருக்கிறாள். கேட்டதற்கு வெட்கமும் பட்டிருக்கிறாள்.

அவளுடைய அறுபதாவது பிறந்தநாளன்று பேராசிரியர் ஸ்தெல்லான் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவை உன் பேரும் உள்ள வருது மைவோர். நாலாவது பேரு. நான் எழுதிட்டேன்."

மைக்ராஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஓவே சும்மா இருப்பானா? "அப்ப இனிமே மைவோர்கிட்ட பேசணும்னா சீட்டு எழுதிக் குடுக்கணுமா? பெரிய ஆளாயிட்டா."

"உனக்கு மட்டும்தான் சீட்டு. மத்தவங்களுக்கு நேர்ல" என்றாள் மைவோர். மேஜையே சிரித்தது.

அந்தக் கட்டுரை இருபத்தேழாம் எண் மூலக்கூறைப் பற்றியது. அவள் செய்த வரிசையில் இருபத்தேழாவது. அதை உயிரணுக்களின் மேல் விட்டு ஹெடா எடுத்த படங்களில் ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் பச்சை மோதிரம். ஹெடா அதை வைத்து டாக்டர் பட்டம் வாங்க இருந்தவள். கெட்டிக்காரி, அவசரக்காரி. கட்டுரை ஆய்வுப் பத்திரிகைக்குப் போய்விட்டது. மைவோர் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் வைத்து, நாலாவது பேரின் மேல் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மடித்து மேஜைவிரிப்புகளுக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு தவறு நடந்தது.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு வகை அணுக்கள் உண்டு. ஒன்று பூட்டு உள்ளது, மற்றது பூட்டே இல்லாத மொட்டை அணு. தட்டும் ஒன்றுபோலத்தான், மூடியில் போட்ட கோட்டின் நிறம்தான் வித்தியாசம். அன்று பிரசங்கத்தை நினைத்துக்கொண்டே வேலை செய்தவள் இருபத்தேழை மொட்டை அணுத் தட்டில் ஊற்றிவிட்டாள். வழக்கம்போலக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பச்சை மோதிரம். அழகாக இருந்தது. மூடியை எடுத்துப் பார்த்தபோதுதான் நீலக் கோடு கண்ணில் பட்டது.

பூட்டே இல்லாத கதவில் சாவி எங்கே போய் மாட்டும்?

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சாவி எதிலும் மாட்டவில்லை. நூல் கொழுப்புத் தன்மை உள்ளது, அணுவின் தோலும் கொழுப்பு. எண்ணெய்ப் பிசுக்கு சட்டியில் ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு மினுக்கியிருக்கிறது. உலகத்துக்குக் காட்டப்போகிற அந்தப் படம் பிசுக்கின் படம். மொட்டை அணுவில் போட்டுப் பார்த்தாயா என்று முன்பே ஹெடாவிடம் கேட்டிருந்தாள். பார்த்துக்கலாம் என்று அவள் சொன்னாள், பார்க்கவில்லை.

தவறு தன் கையில் இருக்கட்டும் என்று அடுத்த இரண்டு ஞாயிறும் திரும்பச் செய்தாள். பூட்டுள்ள அணுக்களுக்குச் சாயம் கட்டாத வெறும் மருந்தை முதலில் கொடுத்து எல்லாப் பூட்டையும் அடைத்துவிட்டு, பிறகு இருபத்தேழை விட்டாள். பூட்டில் இடமில்லை, வெளிச்சம் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று ஞாயிறும் அதே மோதிரம்.

சொல்லாமல் இருந்தால் பேர் அச்சில் வரும். பொய்யின் மேல் நாலாவது பேராக. அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஆலயத்தில் மண்டியிட்டு, "நான் பேரைக் கேட்டேன், நீர் உண்மையைக் கையில் கொடுத்துவிட்டீர்" என்று மட்டும் சொன்னாள். அதில் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது. கர்த்தரிடம் மனத்தாங்கல் காட்டக்கூடாது என்று யார் சொன்னது?

திங்கட்கிழமை காபி மேஜையில் படங்களை எடுத்து வைத்தாள்.

ஹெடாவின் முகம் வெளுத்தது. "நீ சரியாக் கழுவியிருக்க மாட்ட. தட்ட மாத்தினதே நீதான். தப்பு செஞ்சவ சொல்றத வெச்சு என் நாலு வருஷத்தத் தூக்கிப் போடணுமா?"

"மொதல் தடவ தப்பு என்னோடதுதான், ஹெடா. அடுத்த ரெண்டு தடவ வேணும்னுதான் செஞ்சேன். நீயே ஒரு தடவ செஞ்சு பாரு. நான் கழுவல, நீயே கழுவு."

ஸ்தெல்லான் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "வாபஸ் வாங்கணும்" என்றார். "உன் பேரும் அதுல போகும்னு தெரிஞ்சுதானே சொல்ற?"

"தெரியும்."

"பிடிவாதக்காரி" என்றார். அது பாராட்டா ஏச்சா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காபியை ஊற்றிக்கொண்டே, "நூல்தான் கோளாறு. கொழுப்போட ஒட்டாத, தண்ணியோட சேர்ற நூலாப் போட்டா இந்தப் பிசுக்கு வராது. நீளமும் கொஞ்சம் கூட்டணும்" என்றாள். ஹெடா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் பேனா அவள் கையில் இருந்தது, நோட்டும் திறந்திருந்தது.

அதன் பிறகு பதினாலு மாதம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று மஞ்சள் விளக்கின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள். சிலது தண்ணீரில் கரைந்து, பூட்டின் பக்கமே போகவில்லை. சிலது சாயத்தை உதிர்த்துவிட்டது. ஹெடா அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தேவையை மஞ்சள் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவாள். ஓவேதான் நடுவில் தூது. "ராணியம்மா அடுத்த குப்பி எப்போன்னு கேக்கறாங்க" என்பான்.

நாற்பத்து மூன்று ஒளிர்ந்தது. பூட்டுள்ள அணுவில் மெல்லிய பச்சை வளையம். மொட்டை அணுவில் இருட்டு. மருந்தை முதலில் கொடுத்தால் வளையமே இல்லை. அந்த இருட்டுப் படத்தைப் பார்த்துத்தான் மைவோருக்குக் கண் கலங்கியது. வெளிச்சத்துக்கு அழுகிறவர்கள் உண்டு, இவள் இருட்டுக்கு அழுதாள்.

கட்டுரை எழுதினார்கள். தலைப்புக்குக் கீழே எட்டுப் பேர். படம் எடுத்ததற்காக ஓவேயின் பேர்கூட ஏழாவதாக இருந்தது. மைவோர் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்துவிட்டு ஸ்தெல்லானின் அறைக்குப் போனாள்.

அவர் நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. நீ வருவன்னு தெரியும். பத்திரிகைக்காரங்க விதி இப்ப கடுமையாயிருச்சு. சொன்னத செஞ்சு குடுத்தா மட்டும் பேரு போட முடியாது. யோசனை யாரோடதுன்னு கேக்கறாங்க."

"நூலோட யோசனை என்னோடது, ஸ்தெல்லான். அன்னிக்குக் காபி மேஜைல சொன்னேன். நீயும் இருந்த."

"சொல்லியிருப்ப. ஆனா எழுத்துல இருக்கறது ஹெடாவோட நோட்டுல. தேதி போட்டு எழுதியிருக்கா. உன் நோட்டுல எத்தனை கிராம், எத்தனை டிகிரி, அவ்வளவுதான் இருக்கு." கட்டுரைப் பிரதியைக் குப்புறத் திருப்பி வைத்தார். "நம்ம வழக்கம் உனக்கே தெரியும். காபி மேஜைல சொன்னது எல்லாருக்கும் சொந்தம்."

வழக்கம் அவளுக்கும் தெரியும். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். யோசனைக்குப் பயப்படாதே, மேஜையில் போடு, இங்கே யாரும் திருடமாட்டார்கள் என்று. உதவியாளரின் நோட்டில் யோசனை எழுத ஓர் இடமே கிடையாது என்பது மட்டும் அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"ஓவே என்ன யோசனை சொன்னான்?" என்று கேட்டாள்.

ஸ்தெல்லான் ஜன்னலைப் பார்த்தார்.

மே மாதம், அவளுடைய வேலையின் கடைசி வாரத்தில், ஹெடாவின் ஆய்வேட்டை ஆணியடிக்கும் நாள் வந்தது. புத்தகத்தில் துளை போட்டு, மாடிப்படியருகே இருக்கும் பலகையில் எழுதியவரே சுத்தியலால் அறைய வேண்டும். அப்போதுதான் அது ஊரறிய வந்ததாக அர்த்தம். சுத்தியல் மைவோரின் இழுப்பறையில் இருப்பது. ஏலக்காய் ரொட்டியும் அவளே சுட்டு வந்திருந்தாள். பதினொரு பேருக்குச் சுட்டவள், பன்னிரண்டாவதுக்கு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஹெடா அடித்த ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது.

"மைவோர், நீயே அடிச்சிரு. உன் கைக்குத்தான் அது அடங்கும்" என்றார் ஸ்தெல்லான்.

ஒரு வருஷத்துக்கும் மேலே ஆன பிறகு ஹெடா அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "ப்ளீஸ்" என்றாள்.

மைவோர் இரண்டே அடியில் இறக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் செய்வதைப் போலப் பிரதிகளை எடுத்துக் கடைசியிலிருக்கும் நன்றிப் பக்கத்தைத் திறந்தார்கள். ஆய்வேட்டில் மனிதர்கள் படிக்கிற பக்கம் அது ஒன்றுதான். மைக்ராஸ்கோப் பழுது பார்க்க வந்தவருக்குக் கீழே, ஹெடாவின் நாய்க்கு மேலே, அவளுக்கு ஒரு வரி இருந்தது: 'எப்போதும் பளிச்சென்று கழுவிய கண்ணாடிகளுக்கும், ஏலக்காய் ரொட்டிக்கும் மைவோருக்கு நன்றி.'

ஓவே ரொட்டியை மென்றுகொண்டே பக்கத்தில் வந்து நின்றான். "ரொட்டிக்காவது பேரு கெடச்சுதே" என்றான். வழக்கம்போலச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "என் பேர எடுக்கச் சொல்லலாம்னு நெனச்சேன். சொல்லல" என்றான். அவள் அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் ஸ்தெல்லான் ஒரு சின்ன உதவி கேட்டார். குளிர்ப்பெட்டியில் இருக்கும் குப்பிகளில் இன்னும் மைவோரின் முதலெழுத்தும் எண்ணும்தான் இருக்கின்றன. ஆய்வேட்டிலோ மூலக்கூறுகளின் பேரில் ஹெடாவின் முதலெழுத்து. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். "உன் கையெழுத்துதான் தெளிவா இருக்கும்" என்றார்.

மஞ்சள் விளக்கின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பழைய சீட்டை உரித்துப் புதியதை ஒட்டினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. எடை, தேதி, எதிலும் ஓர் எழுத்துப் பிசகவில்லை. தப்பான சீட்டு ஒட்டுவது அந்தத் தொழிலில் பெரும்பாவம். அதை வாழ்க்கையில் அவள் செய்ததில்லை. பதினைந்து குப்பி முடிந்தது. நாற்பத்து மூன்று கடைசியாக வந்தது. அடியில் கொஞ்சம் தூள்தான் மிச்சம், உலர்ந்த மிளகாய் நிறத்தில். வெளிச்சம் பட்டால்தான் பச்சை.

ஹெடாவின் முதலெழுத்தோடு புதுப் பேரை எழுதினாள். எடையை எழுதினாள். தேதியை எழுதினாள். நாலாவது வரி, 'செய்தவர்'. மற்ற குப்பிகளில் பழைய சீட்டைப் பார்த்துத் தன் பேரையே கை எழுதிக்கொண்டு போயிருந்தது. இங்கே பேனா நின்றுவிட்டது. மேலே வேறொருத்தியின் முதலெழுத்து, கீழே தன் பேர். படிக்கிறவன் என்ன நினைப்பான்? கழுவினவள் என்றுதானே.

அந்த வரியை வெற்றாகவே விட்டுச் சீட்டை ஒட்டி, குப்பியைத் தட்டில் வைத்துக் குளிர்ப்பெட்டியை மூடினாள். வெளியே வெயிலில் கண் கூசியது. விரல் நுனிப் பச்சையைத் கழுத்துச் சால்வையில் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.