பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவராத ரொட்டி

லேனே வாக்ஸ்முத் எழுத்தாளர் வீட்டில் பிறந்தவள் இல்லை. ஜெர்மனியில், காசல் நகரத்துப் பொத்தான் கடையில் நின்றவள். கணவனை நாஜிகள் இழுத்துக்கொண்டு போனார்கள், ஆள் திரும்பவில்லை. எப்படியோ கப்பல் ஏறி மெக்ஸிகோ நகரம் வந்து சேர்ந்தாள். பகலெல்லாம் சட்டைக் காலர் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு கதை எழுதினாள்.

கணவனைக் கொண்டுபோன மறுநாள் காலை பக்கத்து வீட்டு டோர்ஷெல் அம்மாள் கதவைத் தட்டினாள். ஆறுதல் சொல்ல இல்லை. கையில் அளவு நாடா.

"நீ எப்படியும் காலி பண்ணத்தானே போறே? திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துக்கிறேன்."

அவ்வளவுதான் கதை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள்.

ஓடிவந்த ஜெர்மானியர்கள் மெக்ஸிகோவில் ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். எந்தக் கதையானாலும் கூட்டத்தில் படித்து, கை தூக்கி முடிவு செய்வார்கள். கதைக்கு ஓட்டு! லேனே தன் கதையைப் படித்து முடித்ததும் பத்திரிகை ஆசிரியர் டாக்டர் ஆம்டோர், பழைய நாடகக்காரர், தொண்டையைச் செருமினார்.

"நல்லாத்தான் இருக்கு, தோழர். ஆனா ஒரு தொழிலாளி பெண்டாட்டி இப்படிப் பண்ணுவாளா? நம்ம சனங்க நல்லவங்கன்னு உலகம் நம்பணும். ஒளிச்சு ஒரு ரொட்டி கொண்டாந்து குடுத்தாள்னு முடிச்சிடுங்க."

"ரொட்டி கொண்டாரலையே, டாக்டர். நாடாதானே கொண்டாந்தா?"

"நடந்ததை எழுத போலீஸ்காரன் போதும். எழுத்தாளர் எதுக்கு?"

பின்வரிசையில் சிரித்தார்கள்.

"அவ ஜன்னலை அளந்தப்ப நீங்க பாரிஸ்ல காபிக் கடையிலதானே இருந்தீங்க?" என்று கேட்டாள் லேனே.

சிரிப்பு நின்றது. கைகள் எழுந்தன. ரொட்டி ஜெயித்தது. கதையைத் திருப்பிக் கேட்டாள். "பார்க்கலாம்" என்று ஆம்டோர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த இதழிலேயே கதை வந்தது. அவள் பெயர், அவள் வீடு, அவள் கணவன். கடைசியில் ரொட்டி. என்ன துணிச்சல் பாருங்கள்! ஒருத்தியின் துக்கத்தை எடுத்து அவளைக் கேட்காமலே அலங்காரம் பண்ணியிருக்கிறார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் மருந்துக்கடை ரோதர்மல் கண்கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்து வச்சவம்மா நீ. எனக்கு அப்படி ஒரு பக்கத்து வீடு வாய்க்கலையே."

லேனே கையை விடுவித்துக்கொண்டாள். நேரே விற்பனை மேசைக்குப் போய், அடுக்கியிருந்த இதழ்களை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்தியைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

"பத்திரிகையை நாசம் பண்றீங்க!" ஆம்டோர் கத்தினார்.

"வேணும்னா ஓட்டுக்கு விடுங்க" என்றாள், தலை நிமிராமல்.

மேசையில் இருந்ததெல்லாம் சரியாயிற்று. பியூனஸ் அயர்ஸுக்குப் போகிற கட்டு மட்டும் முன்பே கப்பலேறிவிட்டது. அங்கே வாசித்தவர்களுக்கு அந்த டோர்ஷெல் அம்மாள் இன்றைக்கும் நல்லவள்தான்.