சத்தில்லாத காய்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலையில் இருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம் இருந்ததால் எல்லாம் தெரிந்தவன் என்று குடும்பத்தில் ஒரு பெயர். நானும் அதை மறுத்ததில்லை. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது, எது தின்னலாம், எது கூடாது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் வந்து உட்கார்ந்தது.

முருங்கைக்கீரையையும் சுரைக்காயையும் ஒப்பிட்டுப் படித்தேன். இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் என்று எல்லாப் பரிசையும் கீரையே வாங்கிக்கொண்டு போனது. பொட்டாசியத்திலும் அதுதான் முதல். அண்ணனின் உடம்பால் வெளியேற்ற முடியாமல் போனதோ அந்தப் பொட்டாசியத்தைத்தான். ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். ஆகவே பெரும்பாலும் தண்ணீராக இருந்த சுரைக்காய் ஜெயித்தது. அண்ணி அதையும் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் தாளித்தார்.

“ஏன்டா, இருந்த தண்ணியவும் கொட்டியாச்சு. இப்ப நான் திங்கறது என்னது?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்லீங்ணா. அதுதான் நல்லது.”

“உன்ற படிப்பாட்டம் ஒண்ணுமில்லேன்னு சொல்லு.”

இப்படிக் கேலி பேசிக்கொண்டே மாதக்கணக்காகத் தின்றார்.

ஒரு சனிக்கிழமை நான் தனியாக டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பத்தியம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் நோய் அதையும் தாண்டிவிட்டது. இதயமும் பலவீனம், டயாலிசிஸைத் தாங்காது, இனி அதிக நாள் இல்லை என்றார். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

வீட்டில் அண்ணியின் சித்தப்பா வந்திருந்தார். கிணத்துக்கடவுத் தோட்டத்திலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தார். சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததை அவர் இருக்கும்போதே சமைத்து எல்லோர் இலையிலும் வைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அது அவமானம். அண்ணி வேறு வழியில்லாமல் தேங்காய் போட்டுப் பொரித்துவிட்டார்.

“சாப்புடுங்க மாப்ளே, ரத்தம் ஊறுமுங்க,” என்று சித்தப்பாவே கரண்டியை எடுத்தார். “சொரக்காயில என்னங்க இருக்குது? எருமை கூட மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க.”

அண்ணனுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. ஏலச்சீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தாலே சங்கடப்பட்டுச் சேர்ந்துவிடுவார். நான் தடுக்க வாயெடுத்தேன். பிறகு, தின்னட்டும், இனி என்ன என்று தோன்றியது. 

அண்ணன் இலைக்குக் குறுக்கே கையை வைத்தார்.

“வேண்டாமுங்க மாமா. கோவிச்சுக்காதீங்க. நான் பொழைக்கோணுமுங்க.”

சித்தப்பா முகம் சுருங்கிப் போய்விட்டது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அண்ணி கெஞ்சியும் உட்காராமல், “வாரேனம்மணி,” என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் வாசலைப் பார்க்கவே இல்லை.

“சொரக்காய இன்னுங் கொஞ்சம் போடுறா. டாக்டரு என்ன சொன்னாரு?”

“பத்தியம் சரியா இருக்குதுன்னு சொன்னாருங்ணா.”

“பாத்தியா?” என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். நான் கரண்டி நிறைய எடுத்து வைத்தேன். இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றார்.