மழை பெய்தால் போன் அடிக்கும்

சேட்டலைட் டிஷ் பொருத்தும் தொழிலில் கூரைமேல் ஏறுவது ஒருவர் வேலை. கீழே டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது இன்னொருவர் வேலை. எங்கள் வீட்டில் ஏறுகிறவர் என் கணவர். புக்கிட் பெருவாங்கில் எங்கள் முன்னறைதான் ஆபீஸ்: ஆர்டர் நோட்டு, டெலிபோன், ஐந்து மாதக் குழந்தையின் தொட்டில்.

மழை கொட்டினால் டிவியில் படம் போய்விடும். மழை விட்டால் தானாக வந்துவிடும். வாடிக்கையாளருக்கோ உடனே ஆள் ஏற வேண்டும். புருஷனை வேலைக்கு அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கூரை எப்படி?

ஆர்டர் நோட்டில் பெயர், முகவரியோடு இந்தக் கேள்விக்கும் நானாகவே ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன். கணவருக்குத் தெரியாது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கிய குரலில், பதறாமல் கேட்பேன்: “கூரை உறுதியா இருக்குங்களா?”

எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து பேசிய ஒரு மாமா எனக்கு ரொம்பவே தைரியம் சொன்னார். “பழைய தகரம்தான், ஆனா பயப்படாத தங்கச்சி. போன மாசம் ஏரியல் மாட்ட வந்த ஆளு அடுப்பங்கரைப் பக்கந்தான் விழுந்தாரு. முன்பக்கம் நல்ல ஸ்ட்ராங் லா!”

ஒரு பாராட்டு

ஏறுகிறவர் என் கணவர் என்று யாரிடமும் சொல்வதில்லை. “எங்கள் டெக்னீஷியன் வருவார்” என்பேன். அப்படிச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று பயப்படலாம்.

செங் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், டிஷ் மாட்டிய அன்றே போன் போட்டு எங்கள் டெக்னீஷியனைப் பாராட்டினார். ஏணி எட்டவில்லையாம். வேலைக்குக் கொண்டுபோன லோரியையே சுவரோரம் நிறுத்தி, அதன்மேல் ஏணியை வைத்து டெக்னீஷியன் ஏறினாராம். என் கையிலிருந்த பால் புட்டி நழுவியது. போனில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகாதவன் மாதிரில்ல ஏறுறாரு!”

இடியும் பிளக்கும்

பாயா ரும்புட்டில் சரசு அக்கா என்று ஒருவர். மாதத்துக்கு மூன்று முறையாவது கூப்பிடுவார். ஒருநாள் இடி முழக்கத்துக்கு நடுவே, “படம் சுத்தமா இல்ல, ஆளை அனுப்பு!” என்றார். டிவி பக்கத்தில் இருக்கும் டிஷ் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றேன். இல்லையாம். பிளக் சொருகியிருக்கிறதா என்று கேட்டதுதான் தாமதம்.

“இடி இடிக்கிறப்ப எவளாச்சும் பிளக்கைச் சொருகி வைப்பாளா? நீ படிச்ச பொண்ணுதானே?”

ஏணி

அதே அக்கா இன்னொரு மாலை கூப்பிட்டார். தூறல்தான், ஆனால் படம் போய்விட்டதாம். பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம். “இப்ப ஆள் வரலன்னா உன் முதலாளிகிட்டச் சொல்லிடுவேன்” என்றார். எங்களுக்கு வேலை கொடுப்பதே அந்த முதலாளிதான். பயந்துபோய் என் கணவருடைய பேஜருக்கு நானே செய்தி அனுப்பினேன்: பாயா ரும்புட், அவசரம்.

பத்து நிமிடத்தில் வானம் இருண்டு பெருமழை. முதல் இடியில் குழந்தை வீரிட்டது. பாயா ரும்புட்டுக்குப் போன் போட்டேன். கான்வென்ட் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

“அக்கா, அவரை ஏற விடாதீங்க. டெக்னீஷியன் இல்லக்கா, என் வீட்டுக்காரரு. கைக்குழந்தை இருக்கு.”

அக்கா டக்கென்று போனை வைத்துவிட்டார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டெலிபோனுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். எத்தனை முறை என்று தெரியாது. அவசரம் என்று அனுப்பியவள் நான்.

போன் அடித்தது.

“ஏணியை உள்ள வச்சுப் பூட்டிட்டேன். உன் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டோட உக்காந்து மீகூன் சாப்பிடுறான். மழை விட்டதும் அனுப்புறேன். முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே, கழுதை!”

அன்றிலிருந்து என் ஆர்டர் நோட்டில் ‘கூரை எப்படி?’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் இருக்கிறது: ‘ஏணியைப் பூட்டி வைக்க வீட்டில் ஓர் அக்கா உண்டா?’