கியர்பாக்ஸ் சூடான ஞாயிற்றுக்கிழமை

மாமா பந்தயக் கார் செய்துகொண்டிருந்த வருடம், ஆட்டோமேட்டிக் கியரைப் பற்றி உத்தமபாளையத்தில் மாமாவுக்கு அடுத்தபடி விவரம் தெரிந்தவள் நான்தான் என்று நம்பியிருந்தேன். அப்போது நான்காம் வகுப்பு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கார் ஷெட் வைத்திருந்தார். ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கி, பின்சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, நேரான ரோட்டில் கொஞ்ச தூரம் கண்மண் தெரியாமல் பறக்கிற டிராக் ரேஸ் காராக அதை மாற்றிவிட்டார்.

அந்தக் காருக்கு ஒரே வியாதி, கியர்பாக்ஸ் சூடு. புறப்படும் கோட்டில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டி நகராமல் உறுமும். அதற்குள் கியர்பாக்ஸில் இருக்கும் சிவப்பு எண்ணெய் கொதிக்கிற நிலைக்கு வந்துவிடும். மாமா முன்பக்கம் ஒரு கூலரும் அதற்கொரு காற்றாடியும் பொருத்தி, ஸ்டியரிங் அருகே சூடு காட்டும் மீட்டரும் வைத்தார். ஓடி முடித்ததும் இன்ஜினை அணைத்துவிடக் கூடாது. நியூட்ரலில் ஓடவிட்டால் எண்ணெய் கூலருக்குள் போய்ப் போய் ஆறித் திரும்பும். முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு இறங்கினால் மறுபடி ஓட்டலாம். இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூர்ப் போட்டிக்கு முந்தின ஞாயிறு ஓடைப்பட்டியில் சோதனை ஓட்டம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வீட்டுமனை பிரித்து, வாங்க ஆளில்லாமல் கிடந்த தார் ரோடு அது. மனைக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். மாமாவின் கூட்டாளி தன் மினி லாரியில் காரை ஏற்றி வந்திருந்தார். அத்தையும் வந்திருந்தாள். அவளுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. இந்தப் பந்தயத்தை அவள் வேண்டாம் என்றும் சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை.

முதல் ஓட்டம் நன்றாகவே போனது. இரண்டாவதில், பாதித் தூரத்தில் காரின் பின்பக்கம் ஒருக்களித்துத் தாரைவிட்டு இறங்கியது. செம்மண் புழுதி எழுந்து காரையே மறைத்துவிட்டது. புழுதிக்குள்ளிருந்து கார் மறுபடி ரோட்டுக்கு வந்தபோதுதான், ஒரு மனைக்கல்லுக்குக் கையகலம் தள்ளிச் சக்கரத் தடம் போயிருப்பதைப் பார்த்தோம். கூட்டாளி கை தட்டினார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். ஆனால் பாட்டிலைத் தூக்கிக் குடித்தபோது பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. இன்ஜினின் அதிர்வு இன்னும் கையில் மிச்சம் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்ள, நேரா மட்டும் போயிருந்தா இதான் நம்ம பெஸ்ட்டு. சூடு எறங்கட்டும், இன்னொரு ஓட்டம் பாத்துருவோம்" என்றார் கூட்டாளி.

கார் நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் தொங்கியபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மெல்ல இறங்கிப் பச்சைக்குள் வந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமாவும் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தார் என்பது நிச்சயம், எங்கள் இருவர் தலையும் முட்டிக்கொண்டன. பிறகு கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். முள் பொத்தென்று அடியில் விழுந்தது.

"இனி முடியாதுடா" என்றார் கூட்டாளியிடம். "எண்ணெய் கருகிருச்சு. கியர்பாக்ஸப் பிரிச்சுத்தான் பாக்கணும். இந்த வாட்டி போட்டி நமக்கில்ல."

எனக்குப் பதறிப்போனது. "மாமா, முள்ளு பச்சையில..." என்று ஆரம்பித்தேன். எங்கிருந்துதான் வந்தாளோ, அத்தை ஒரு கொத்துத் திராட்சையை என் வாயில் திணித்தாள்.

"அவுக சொல்லிட்டாகல்ல, சூடுன்னா சூடுதான். தின்னு ஆத்தா."

காரை மினி லாரியில் ஏற்றினோம். கூட்டாளி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் அழுதுகொண்டே வந்தேன். சின்னமனூரில் ஒரு கடையில் நிறுத்தினார்கள். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோகும் மாமா, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை மறுபடி மறுபடி ஊற்றச் சொன்னார். அத்தை அவர் இலையிலிருந்தே எடுத்துத் தின்றாள். எதற்கென்று தெரியவில்லை, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் அத்தைக்குப் புரையேறியது. மாமா அவள் தலையைத் தட்டிவிட்டார்.

எதிரே நானும் கூட்டாளியும் மட்டும் துக்க வீட்டுக்காரர்கள் போல உட்கார்ந்திருந்தோம். ராப்பகலாக உழைத்துச் செய்த காரின் மேல் இந்த இரண்டு பேருக்கும் கொஞ்சம்கூடப் பாசம் இல்லையே என்று எனக்கு ஆறவே இல்லை. வீடு வந்து சேரும்வரை அவர்கள் இருவரோடும் நான் பேசவில்லை.